டேகிளுக்குக் கொடுத்த ஜோடி

ரோசேர் டேகிளின் உடம்பில் அந்தக் குளிர்காலத்தில் சொன்னபடி கேட்டது வலது கட்டைவிரல் ஒன்றுதான். மற்றதையெல்லாம் அக்டோபரில் வந்த பக்கவாதம் வாரிக்கொண்டு போய்விட்டது. பேச்சு போயிற்று, இடது பக்கம் மொத்தமும் போயிற்று, ஒரு வாய் சூப்பை விழுங்குவதே பெரும்பாடாக ஆயிற்று. ஆனால் அமெரிக்க செனட்டில் வாக்குப் போடப் பேச்சு தேவையில்லை. குமாஸ்தா பெயரை வாசிக்கும்போது சபைக்குள் இருந்துகொண்டு கட்டைவிரலை மேலே காட்டினால் ஆம், கீழே காட்டினால் இல்லை. அவ்வளவுதான். மிச்சத்தைக் குமாஸ்தா எழுதிக்கொள்வார்.

அதனால் வாக்கெடுப்பு உள்ள நாட்களிலெல்லாம் அவர் கிடந்த வாஷிங்டன் ஆஸ்பத்திரிக்கு ஆள் வரும். கோட்டு மாட்டி, டை கட்டி, தலை சீவி, வழியும் எச்சிலைத் துடைத்து, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். பின்னால் நின்று ஒருவர் தோளைத் தொட்டதும் விரல் கீழே போகும். திரும்பக் கொண்டுவந்து படுக்கையில் போடும்போது அவர் முகம் சாம்பல் நிறத்தில் இருக்கும். மனைவி லொரெய்ன்தான் டையை அவிழ்ப்பாள். கட்டியது யாரோ, அவிழ்ப்பது மட்டும் எப்போதும் அவள்.

ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. செனட்டரின் அலுவலகத் தலைவி நொரீன் டிபெட்ஸ் வாசலில் நின்று கைபேசியில் அடுத்த வாக்கெடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். லொரெய்ன் கையிலிருந்த டையை அவள் மேலேயே எறிந்தாள்.

"இவரு செத்த பிறகும் விட மாட்டீங்க. இந்தக் கட்டைவிரலை மட்டும் வெட்டி வண்டியில வெச்சுத் தள்ளிட்டுப் போவீங்க போலிருக்கு!"

நொரீன் டையைக் குனிந்து எடுத்தாள். அவள் கெட்டவள் அல்ல. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் குடும்பத்தோடு கிடப்பவள், பண்டிகைக்குப் பண்டிகை இவர்கள் மேஜையில் சாப்பிட்டவள். கண்ணீரைக் கட்டுப்படுத்திக்கொண்டு அவள் சொன்னது ஒன்றுதான்: "அவர் எழுந்து போயிட்டா அவங்களை ஏன்னு கேக்க ஆளே கிடையாது, லொரெய்ன். அது உங்களுக்கே தெரியும்."

லொரெய்னுக்குத் தெரியும். ஜனாதிபதி எதிர்க்கட்சி. கீழ்ச்சபையும் அந்தக் கட்சி. செனட் ஒன்றுதான் ரோசேரின் ஆட்களிடம் இருந்தது, அதுவும் மயிரிழையில். நூறு நாற்காலியில் ஒன்று காலியாகத் தேர்தலுக்குக் காத்துக் கிடந்தது. மீதியில் இவர்கள் ஐம்பது, அவர்கள் நாற்பத்தொன்பது. ரோசேர் ஒருவர் வராமல் போனால் சமம். சமமானால் துணை ஜனாதிபதி வந்து தன் வாக்கைப் போட்டுத் தராசைத் தன் பக்கம் சாய்த்துவிடுவார். ரோசேர் ராஜினாமா செய்தாலோ இன்னும் மோசம். அவருடைய மெய்ன் மாநிலத்துக் கவர்னர் அந்த நாற்காலியில் யாரை வேண்டுமானாலும் உட்காரவைக்கலாம், கவர்னரோ ஜனாதிபதியின் கட்சிக்காரர். அதோடு ஜனாதிபதி, கீழ்ச்சபை, செனட் என்று வீட்டின் மூன்று சாவியும் ஒரே சட்டைப் பைக்குள் போய்விடும்.

'எல்லாச் சாவியும் ஒரே பையில் இருக்கக் கூடாது' என்பது ரோசேரின் முப்பது வருஷப் பேச்சு. ஊர் ஊராக உருளைக்கிழங்குக் கிடங்குகளில் ஏறி நின்று சொல்லியிருக்கிறார். இடையில் ஒரு நாலு வருஷம் மூன்று சாவியும் இவர் கட்சியிடமே இருந்தது. அப்போது இந்தப் பேச்சு எங்கே போயிற்று என்று லொரெய்ன் கேட்டதுண்டு. "நம்ம ஆளுங்க பையில இருந்தா அது வேற" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. அரசியலில் அவளுக்கு மரியாதை குறையத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஆனால் இந்த முறை பட்ஜெட்டில் கை வைத்திருந்தது ரோசேரின் சொந்த ஊரிலேயே. ஏழைகளின் வைத்தியத்துக்கு அரசு கொடுக்கும் உதவியைக் கீழ்ச்சபை வெட்டி அனுப்பியிருந்தது. கனடா எல்லையில், செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் இருக்கும் செயின்ட் அன்செல்மின் சிறிய ஆஸ்பத்திரி அந்த உதவியில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அது மூடினால் அடுத்த ஆஸ்பத்திரி பனியில் இரண்டு மணி நேரப் பயணம். வசந்தத்துக்கு முன்னால் வாக்கெடுப்பு வரும், அதுவரை டேகிள் இருந்தாக வேண்டும் என்றாள் நொரீன்.

டாக்டர் லொரெய்னைத் தனியாகக் கூப்பிட்டு, வசந்தமெல்லாம் பார்க்க மாட்டார் என்றார்.

நன்றாக இருந்த காலத்தில் ரோசேர் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "வாஷிங்டன்ல மட்டும் என்னைச் சாக விட்டுடாதே. இங்க சாவுக்கு வர்றவன்கூட கை குலுக்கத்தான் வர்றான்." அந்தச் சத்தியம் அவளைத் தூங்கவிடவில்லை. அவரையே கேட்டுப் பார்த்தாள். "வீட்டுக்குப் போலாமா?" கட்டைவிரல் மேலே போயிற்று. அவள் மனம் குதித்தது. அன்று மாலையே நொரீன் கேட்டாள்: "பட்ஜெட் முடியற வரைக்கும் இங்கயே இருப்போமா?" அதற்கும் கட்டைவிரல் மேலே போயிற்று. ஜன்னலை மூடட்டுமா என்று தாதி கேட்டபோதும் அதே. விரல் எல்லோரையும் திருப்திப்படுத்தியது. நல்ல அரசியல்வாதியின் விரல்.

வென்டெல் ஸ்டாக் வந்து சேர்ந்தது அந்த வாரத்தில்தான். வயோமிங்கில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர், எதிர்க்கட்சி செனட்டர். ரோசேரும் அவரும் ஒரே வருஷம் சபைக்கு வந்தவர்கள். சபைக்குள் ஒருவரை ஒருவர் கிழித்துப் போடுவார்கள், வெளியே வந்தால் மீன்பிடிக்கப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ரோசேரின் பக்கத்தில் உட்கார்ந்து, பதில் வராத ஆளை வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார்.

"என்னடா, கட்டைவிரலை மட்டும் வெச்சுக்கிட்டு நாட்டையே ஆட்டி வைக்கறே? எனக்கு ரெண்டு கையும் இருக்கு, ஒருத்தனும் மதிக்க மாட்டேங்கறான்."

ரோசேரின் வாயின் வலது ஓரம் லேசாக மேலே போனது. அது சிரிப்பு என்று லொரெய்னுக்கும் வென்டெலுக்கும் மட்டும் தெரியும். வெளியே தாழ்வாரத்தில் வைத்து வென்டெல் அவளிடம் கேட்டார்: "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே? இன்னும் ஏன்மா வெச்சுக்கிட்டிருக்கீங்க?"

"போனா கணக்கு சமமாயிடும்ங்கறாங்க."

வென்டெல் அறைக் கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு, "நான் ஜோடி தர்றேன்" என்றார்.

அது செனட்டின் பழைய வழக்கம், இப்போது அநேகமாகச் செத்துவிட்டது. ஒருவர் வர முடியாமல் படுத்துவிட்டால், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் தன் வாக்கையும் போடாமல் நிறுத்திக்கொள்வார். இந்தத் தட்டில் ஒன்று குறைந்தால் அந்தத் தட்டிலும் ஒன்று குறையும், கணக்கு மாறாது. எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. வாயால் சொல்வதுதான். மீறினால் எந்தக் கோர்ட்டும் கேட்காது.

நொரீன் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள். "அவங்க ஆளு வாய்ப்பேச்சை நம்பச் சொல்றீங்களா? ஜனாதிபதி ஒரு போன் பண்ணினாப் போதும், அவர் மாறிடுவாரு."

"உங்க ஆளுங்களை நம்பித்தானே இவரு இப்படிக் கிடக்கறாரு" என்றாள் லொரெய்ன். அன்றே பயணத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னாள்.

புறப்படும் நாளில் வென்டெல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும், லொரெய்ன். ஜோடி உயிரோட இருக்கறவனுக்குத்தான். செத்தவனுக்கு ஜோடி கிடையாது. அவன் போயிட்டான்னா என் வாக்கு என் கைக்கு வந்துடும், நான் என் ஜனங்களுக்காகப் போட்டாகணும். அதனால ஏதாவது ஆச்சுன்னா மொதல்ல எனக்குச் சொல்லு. டிவியில பாத்துத் தெரிஞ்சுக்க வெச்சுடாதே."

"மொதல்ல உங்களுக்குத்தான்" என்றாள் லொரெய்ன். மனதாரத்தான் சொன்னாள்.

செயின்ட் அன்செல்ம் வீட்டில் ஆற்றைப் பார்த்த அறையில் கட்டில் போட்டார்கள். ஆறு உறைந்து கிடந்தது. அக்கரையில் கனடா மாதா கோயிலின் மணி அடித்தால் இங்கே கேட்கும். ரோசேர் கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்துத் தெரு ஒடெட் காலையில் வந்து உடம்பு துடைத்து, மருந்து கொடுத்துவிட்டு, பகல் வேலைக்கு அதே சின்ன ஆஸ்பத்திரிக்குப் போவாள். அவள் அங்கே நர்ஸ். அவள் கணவன் கில்பெர்ட்டுக்கு இரண்டு சிறுநீரகமும் செத்துவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை அங்கேதான் ரத்தம் சுத்தப்படுத்திக்கொள்கிறான். அந்த விஷயத்தை ஒடெட் இந்த வீட்டில் ஒருமுறைகூட எடுத்ததில்லை. எடுக்காமலிருந்ததுதான் லொரெய்னை அதிகம் உறுத்தியது.

ரோசேருக்கு யாரும் டை கட்டவில்லை. லொரெய்ன் பக்வீட் தானிய மாவில் அந்த ஊர்த் தோசையான ப்ளோயை மெலிசாகச் சுட்டு, வெண்ணெய் தடவி, சூப்பில் ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

வாக்கெடுப்பு அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் ஆரம்பிக்கும் என்று நொரீன் சொல்லியிருந்தாள். லொரெய்ன் காலையில் மாவைக் கரைக்கச் சமையலறைக்குப் போனாள். போகும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டோடு திரும்பி வந்தபோதும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அந்தப் பார்வையில் ஆள் இல்லை.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வாஷிங்டனில் இல்லை, தன் ஆற்றின் பக்கத்தில், தன் கட்டிலில். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அதற்குள் தொலைபேசி அடித்தது.

"எப்படி இருக்கான்?" வென்டெலின் குரல்.

சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தபோது சொல்லத்தான் போனாள். ஜன்னலுக்கு வெளியே, தெருமுனையில், கில்பெர்ட்டின் பழைய வண்டி பனியில் சக்கரம் வழுக்க ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"தூங்கறாரு" என்றாள்.

"எழுப்பாதே. ஆனா மத்தியானம் டிவியைப் போட்டு வை. ஜனாதிபதியே ரெண்டு தடவ கூப்பிட்டுக் கத்திட்டாரு. அடுத்த தேர்தல்ல எனக்கு எதிரா ஆளு நிறுத்துவாராம். நிறுத்திக்கட்டும்னு சொல்லிட்டேன். நான் எந்திரிச்சு நிக்கறதை உன் புருஷன், அந்தத் திமிர் புடிச்சவன், பாக்கணும், ஆமா."

அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். லொரெய்ன் தொலைபேசியைப் பிடித்தபடியே நின்றாள். திரும்பக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. கூப்பிடவில்லை. உடம்பு கெடாமல் இருக்க அறையின் வெப்பத்தைக் குறைத்தாள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தாள். தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிறகு ஒடெட்டைக் கூப்பிட்டு, ரோடு மோசமாக இருக்கிறது, இன்றைக்கு வர வேண்டாம் என்றாள்.

மத்தியானம் ஆகும்போது ஒடெட் வந்துவிட்டாள். பனியில் நடந்தே வந்தவள் பூட்ஸை உதறிக்கொண்டே, "அவருக்கு மருந்து யாரு குடுப்பா?" என்று நேராக அறைக்குள் நுழைந்தாள். லொரெய்ன் தடுக்கப் போய், தடுக்காமல் நின்றாள். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தை ஒடெட் தொட்டாள். கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பார்த்தாள். அதில் செனட்டர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

"எப்போ?"

"காலையில."

ஒடெட் சிலுவை போட்டுக்கொண்டாள். அவர் கண்களை மூடிவிட்டாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து லொரெய்னின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் இன்னும் வரல" என்றாள் தாழ்ந்த குரலில். "ரோட்டுல பனி. சாயங்காலந்தான் வரப் போறேன்."

குமாஸ்தா பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். "டேகிள்" என்று வாசித்தபோது பதில் இல்லை. குமாஸ்தா அடுத்த பெயருக்குப் போனார். வாசித்துக்கொண்டே போய் "ஸ்டாக்" என்றார். வென்டெல் எழுந்து நின்றார். அவர் கட்சி வரிசைகளில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பக்கத்து இருக்கைக்காரர் அவர் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்ததும் தெரிந்தது. வென்டெல் கையை உதறினார்.

"மெய்ன் செனட்டரோட எனக்கு ஜோடி இருக்கு. அவர் இங்க இருந்திருந்தா இல்லைன்னு வாக்களிச்சிருப்பார். எனக்கு அனுமதி இருந்திருந்தா நான் ஆம்னு வாக்களிச்சிருப்பேன். அதனால என் வாக்கை நிறுத்திக்கறேன்."

வழக்கமான வாசகம்தான். ஆனால் சொல்லி முடித்ததும் அவர் காமிராவைப் பார்த்து, ஒரு கணம், தன் கட்டைவிரலைக் கீழே காட்டினார். ரோசேருக்காக.

லொரெய்ன் முகத்தை மூடிக்கொண்டாள். விரலை வெட்டி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவீர்கள் என்று நொரீன் மேல் எரிந்து விழுந்தவள் அவள்தான். நொரீன் அப்படி எதுவும் செய்யவில்லை. நொரீன் தள்ளிக்கொண்டு போனது உயிருள்ள மனுஷனை.

நாற்பத்தெட்டு ஆம், நாற்பத்தொன்பது இல்லை. மசோதா தோற்றது. ஒடெட் அழுதாள், யாருக்காக என்று லொரெய்ன் கேட்கவில்லை. பிறகு டாக்டருக்குச் சொன்னார்கள், பாதிரியாருக்குச் சொன்னார்கள். அதற்கெல்லாம் முன்னால், கொடுத்த வாக்குப்படி, வென்டெலுக்குச் சொன்னாள்.

"இப்பத்தான் போனாரு."

அந்தப் பெரிய ஆள் சின்னப் பையன் மாதிரிக் கேட்டார்: "நான் நின்னதைப் பாத்தானா?"

"பாத்தாரு."

அடக்கத்துக்கு நொரீன் வந்தாள், கட்சிப் பெரியவர்கள் வந்தார்கள். வென்டெல் வந்தபோது அவர்கள் பக்கத்தில் யாரும் அவருக்கு இடம் விடவில்லை, அவருடைய ஆட்களோ வரவே இல்லை. கோயில் கூடத்தில் சிக்கன் ஸ்டூவும் ப்ளோயும் பரிமாறினார்கள். வென்டெல் சாப்பிடாமல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு லொரெய்னிடம் வந்து நின்றார்.

"கட்டைவிரலைக் காட்டினேனே, சிரிச்சானா?"

"வலது ஓரம் மேலே போச்சு."

"போகும், போகும். திமிர் புடிச்சவன்." அவர் சிரித்துக்கொண்டே அழுதார். லொரெய்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்த ஆளிடம் கட்சி இல்லை, ஜனாதிபதி இல்லை, இனி நாற்காலியும் இருக்காது. இருந்தது அந்த வலது ஓரத்துச் சிரிப்பு ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு தன் மனசாட்சியைக் கழுவிக்கொள்ள அவளுக்குத் துணிவில்லை. துணிவில்லையா, இரக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மண் காய்வதற்குள் கவர்னர் ஆளை நியமித்தார். போர்ட்லாந்திலிருந்து வந்த வழவழப்பான ஒருவர், நல்ல பல்வரிசை. அவர் பதவி ஏற்றதோடு மூன்று சாவியும் ஒரே பைக்குள் விழுந்தன. வந்த முதல் வேலையாக அதே வெட்டைத் திரும்ப எடுத்தார்கள். இந்த முறை யாரும் யாருக்கும் போன் பண்ணிக் கெஞ்சவில்லை. லொரெய்னும் ஒடெட்டும் அதே அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். "ஸ்டாக்" என்று வாசித்தபோது வென்டெல் உட்கார்ந்தபடியே, காமிராவைப் பார்க்காமல், "ஆம்" என்றார்.

ஒடெட் டிவியை நிறுத்தினாள். "ஜூன்ல மூடறாங்களாம்" என்றாள். "கில்பெர்ட்டைப் பாங்கர் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வாரத்துக்கு மூணு தடவ." அவ்வளவுதான் சொன்னாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு போனாள்.

இருட்டுவதற்கு முன்னால் தொலைபேசி அடித்தது.

"கோபமா, லொரெய்ன்?"

"இல்ல."

"இப்ப எனக்கு ஜோடி இல்லையே. என் ஊரு ஜனங்க இதைக் கேட்டுத்தான் என்னை அனுப்பினாங்க. போட்டுத்தானே ஆகணும்?"

"போட்டுத்தான் ஆகணும்."

"அன்னிக்கு ஒரு நாளாவது நான் நேர்மையா நின்னேன். இங்க ஒருத்தன் என்கூடப் பேச மாட்டேங்கறான். பரவால்ல. அவன் பாத்தான்ல, அது போதும்." கொஞ்சம் தயங்கி, "பாத்தான்தானே?" என்றார்.

வெளியே ஆற்றில் பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம் கேட்டது.

"பாத்தாரு, வென்டெல்" என்றாள் லொரெய்ன். இந்த முறை அது தடங்கலே இல்லாமல் வந்தது.